வேலப்பன்சாவடி மழையும் லீமா மூடுபனியும்



மதுரவாயலிலிருந்து பூவிருந்தவல்லிக்குப் போகிற பெரிய ரோட்டில் இருக்கிறது வேலப்பன்சாவடி. வழிப்போக்கர்கள் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறுகிற இடத்துக்குச் சாவடி என்று பெயர். வடக்கே கூவம் ஆறு, தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. இன்றைக்கு அந்த ஊர் பட்டணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனாலும் அங்கே பெய்கிற மழை பழைய மழைதான். சம்பாவும் நவரையும் நம்பி இருந்த அதே ஐப்பசி, கார்த்திகை மழை.

அந்த ஊரையும், தென் அமெரிக்காவில் பெரு என்கிற நாட்டின் தலைநகரான லீமாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். "எங்கேயோ இருக்கிற ஊர் நமக்கு எதுக்குங்க?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம்ம ஊர் மழை கூடுவதற்கும் குறைவதற்கும் அந்த நாட்டுக் கடலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. அந்தத் தேடலுக்கு வேகம் கொடுத்தது, நம் பாட்டன் முப்பாட்டன் காலத்துத் தாது வருஷப் பஞ்சம்.

முதலில் ஊர் இரண்டையும் பார்ப்போம். பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது வேலப்பன்சாவடி. தெற்கே 12 டிகிரியில் இருக்கிறது லீமா. இரண்டும் கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்ளே இருக்கிற ஊர்கள். உலக உருண்டையில் ஏறக்குறைய எதிரும் புதிருமாக இருப்பதால் இங்கே மத்தியானம் 12 மணி என்றால் அங்கே ராத்திரி 1.30. நமக்குச் சித்திரை, வைகாசி கோடை; அவர்களுக்குத் தை, மாசி, பங்குனி கோடை. மற்றபடி சூரியன் இரண்டு ஊருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. வருஷத்தில் இரண்டு தடவை இரண்டு ஊருக்கும் நேர் உச்சியில் நின்று காய்கிறான்.

அப்படியானால் வெயிலும் மழையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், இல்லீங்களா? அதுதான் இல்லை. சென்னை வட்டாரத்தில் சராசரி வருஷ மழை 1,400 மில்லி மீட்டர் அளவு; பழைய கணக்கில் 55 அங்குலம். லீமாவில் 10 மில்லி மீட்டர். கூடிப்போனால் 15. அரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சடசடவென்று பெய்யாது. தூவானமாக, சட்டை நனைந்தும் நனையாமலும் விழும். கத்திரியில் நமக்கு 38, 40 டிகிரி சர்வ சாதாரணம். 2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி தொட்டது. லீமாவிலோ நல்ல கோடையிலேயே 27, 28-க்கு மேல் போனால் புழுங்குகிறது என்பார்கள். ஆனி முதல் புரட்டாசி வரைக்கும் சூரியன் தலைகாட்டுவதே அபூர்வம். வானம் சாம்பல் பூசினாற்போல இருக்கும். காற்றிலே ஈரம் சொட்டும், கொடியில் போட்ட துணி காயாது. ஆனால் மழை வராது. ஈரக்காற்றுக்கு நடுவே பாலைவனம்! விசித்திரமான ஊர்தான்.

காரணம் கடல். லீமா பக்கத்துக் கடலில் தெற்கே இருந்து ஒரு குளிர்ந்த நீரோட்டம் வருகிறது. ஜெர்மனி தேசத்து அறிஞர் ஹம்போல்ட் 1802-ல் அந்தக் கரைக்குப் போனபோது அந்தத் தண்ணீரின் சூட்டை அளந்து பார்த்தார். அதனால் ஹம்போல்ட் நீரோட்டம் என்றே பெயர் வந்தது. கரையோரமாக அடியாழத்துக் குளிர்ந்த தண்ணீரும் மேலே கிளம்பி வருகிறது. வருஷத்தில் பாதி நாள் அந்தக் கடல் 17, 18 டிகிரிதான் இருக்கும். நம்ம வங்காள விரிகுடாவோ ஐப்பசியில் 28 டிகிரிக்கு மேல் வெதுவெதுவென்று இருக்கும்.

உலையில் சூடேறினால்தானே ஆவி மேலே கிளம்பும்? வங்கக் கடலின் மேலே இருக்கிற காற்று சூடாகி, ஈரத்தை வாரிக்கொண்டு உயரே போய், அங்கே குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. லீமா கடலின் மேலே இருக்கிற காற்று குளிர்ந்து கனமாகிக் கீழேயே படுத்துவிடுகிறது. மேலே போகாத காற்று மழை தராது. மூடுபனிதான் தரும். கிழக்கே அமேசான் காட்டுப் பக்கமிருந்து வருகிற ஈரக்காற்றையும் ஆண்டீஸ் மலை சுவர் மாதிரி நின்று தடுத்துவிடுகிறது.

மழையே இல்லாத ஊரில் எப்படிப் பிழைக்கிறார்கள்? மலையிலிருந்து இறங்கி வருகிற ரீமாக் என்கிற ஆறுதான் அவர்களுக்குத் தாய். அதிலிருந்து வாய்க்கால் வெட்டி, வெள்ளைக்காரர்கள் காலெடுத்து வைப்பதற்குப் பல நூறு வருஷம் முன்னாலேயே பயிர் வைத்திருக்கிறார்கள். லீமா நகரத்துக்கு நடுவே உவாக்கா புக்யானா என்று ஒரு கோயில் மேடு நிற்கிறது. சுட்ட செங்கல் கிடையாது, வெறும் பச்சை மண் கல்லை அடுக்கிக் கட்டியது. ஆயிரத்து ஐந்நூறு வருஷம் போல ஆகிறது, இன்னும் நிற்கிறது. நம்ம பக்கம் மண் சுவரை ஒரு ஐப்பசிக்கு ஓலை மூடாமல் விட்டுப் பாருங்கள், தெரியும்!

இன்னொரு சங்கதி, எரு வைக்கிறவர்கள் கேட்கவேண்டியது. குளிர்ந்த அந்தக் கடலில் மீன் ஏராளம். மீன் தின்னும் பறவைகள் கோடிக்கணக்கில் கரையோரத் தீவுகளில் அடைந்தன. அவற்றின் எச்சம் மழையில் கரையாமல் மலை மலையாகக் குவிந்தது. அதற்குக் குவானோ என்று பெயர். தழைச்சத்து நிறைந்த எரு. 1840-களிலிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகி, பெரு சர்க்கார் பல வருஷம் அந்த வருமானத்திலேயே நடந்தது. மழை பெய்கிற தேசத்தில் அந்தச் சத்து என்றைக்கோ கரைந்து போயிருக்கும். நம்ம குப்பைமேட்டை மழையில் திறந்து போட்டால் சத்து வாய்க்காலோடு போகிறதே, அந்தக் கணக்குதான் இது.

நாம் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்கிற வேர்க்கடலை தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். பெருவின் கரையோரப் புதைமேடுகளைத் தோண்டினபோது ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்திய கடலைத் தோல் அப்படியே கிடைத்திருக்கிறது. மார்க்கெட்டில் டபுள் பீன்ஸ் என்று வாங்குகிறோமே, அதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த பேரே லீமா பீன்ஸ். ஆகக்கூடி லீமா நம்ம சமையலறைக்கு முன்பே வந்து சேர்ந்த ஊர்தான்.

இனி மழைக் கதைக்கு வருவோம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலையில் வானிலை நிலையம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் அங்கே வான் ஆராய்ச்சிக் கூடம் கட்டியது. அந்தக் காலத்துக் கருங்கல் தூண் ஒன்று இன்றைக்கும் அந்த வளாகத்தில் இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நட்சத்திரம் பார்க்கத் தொடங்கிய இடத்தில் மழையையும் அளக்க ஆரம்பித்தார்கள். அதனால் சென்னைக்கு இருநூறு வருஷத்துக்கும் மேலான மழைக் கணக்கு கையில் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பெரிய நகரங்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

அளந்து எழுதி வைத்தார்கள், சரி. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

1876-ல், தாது வருஷத்தில், தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. அடுத்த ஈசுவர வருஷத்தில் தென்மேற்கு மழை நாடு பூராவும் காலை வாரியது. இந்தியாவில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது குறைந்த கணக்கு. அதில் பெரும் பங்கு சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி விருந்து வைத்துக்கொண்டிருந்தார். அதே மாதம் ரிச்சர்டு டெம்பிள் என்கிற அதிகாரி சென்னைக்கு வந்து, நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. நாளெல்லாம் மண்வெட்டி பிடிக்கிற உடம்புக்கு அது காணுமா? மாகாணத்தின் சுகாதார கமிஷனர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதி எழுதிப் போராடினார். சென்னைக்குள்ளே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சக் கூலியில் வெட்டியதுதான். அந்தக் கால்வாயைத் தாண்டிப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழை இல்லாமல் போனது வானத்தின் வேலை. தானியம் இருந்தும் அது ஏழைக்கு எட்டாத விலைக்குப் போனது மனிதர்கள் வேலை. அந்த வருஷங்களிலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

அதே சமயம் உலகத்தில் வேறு என்ன நடந்தது தெரியுமா? வட சீனாவில் கொடும் பஞ்சம். பிரேசிலின் வடகிழக்கில் வறட்சி. பெருவின் வடக்குக் கரையிலோ, மழையே காணாத பாலை மண்ணில், வெள்ளம்! இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. தந்தி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

இந்திய வானிலைத் துறை 1875-ல்தான் தொடங்கியிருந்தது. அதன் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு பஞ்ச வருஷத்துக் காற்றழுத்தக் கணக்கைப் பல தேசங்களிலிருந்தும் வரவழைத்தார். வழக்கத்துக்கு மேலான அழுத்தம் ஆசியா, ஆஸ்திரேலியா வரைக்கும் பரவியிருந்தது தெரிந்தது. இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் பருவமழை குறையும் என்று கணித்து, 1886 முதல் இந்திய மழைக்கு முன்னறிவிப்பு கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் இருந்த சார்லஸ் டாட், இந்தியாவில் வறட்சி வரும்போது தங்கள் தேசத்திலும் வறட்சி வருகிறது என்று 1888-லேயே சொன்னார்.

அப்புறம் 1904-ல் வந்தார் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணக்குப் படித்தவர். வானிலை அவருக்குப் புதிது. வானிலை தெரியாதவரை வானிலைத் துறைக்குத் தலைவராகப் போட்டது, என் அபிப்பிராயத்தில், அந்தச் சர்க்கார் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று. முன்கூட்டியே ஒரு முடிவை மனதில் வைத்துக்கொள்ளாமல், உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் மழை, சூடு, காற்றழுத்தக் கணக்கை வாங்கி, எதுவும் எதுவும் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். நம்ம தேசத்து குமாஸ்தாக்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கையால் போட்ட கணக்கு அது.

அதில் கிடைத்த விஷயம் உங்களுக்கு ஏற்றத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். ஏற்றமரத்தில் ஒரு முனை தாழ்ந்தால் மறு முனை உயரும் அல்லவா? அதுபோல பசிபிக் பெருங்கடலின் கிழக்கே காற்றழுத்தம் கூடினால், இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியா பக்கம் குறையும். அங்கே குறைந்தால் இங்கே கூடும். இங்கே அழுத்தம் கூடின வருஷம் தென்மேற்குப் பருவமழை நோஞ்சானாகிவிடுகிறது. இதற்குத் தென் அலைவு என்று 1920-களில் பெயர் வைத்தார். ஏற்றம் எதனால் ஆடுகிறது, யார் மிதிக்கிறார்கள் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. 1924-ல் ஊர் திரும்பிவிட்டார்.

மிதிக்கிறவனைப் பெரு நாட்டு மீனவர்கள் எப்போதோ பார்த்திருந்தார்கள்! பைத்தா என்கிற துறைமுகத்துக் கடலோடிகள், கிறிஸ்துமஸ் சமயத்தில் வடக்கே இருந்து ஒரு வெந்நீரோட்டம் வருவதைக் கண்டு, குழந்தை இயேசுவின் பெயரால் அதை 'எல் நினோ' என்று அழைத்தார்கள். அவர்கள் பாஷையில் 'சிறுவன்' என்று அர்த்தம். கப்பல் தலைவர் கமிலோ கரியோ இதை 1892-ல் லீமாவின் புவியியல் சங்கத்தில் எடுத்துச் சொன்னார். சில வருஷம் அந்தச் சூடு கரையோடு நிற்காமல் பசிபிக்கின் நடுப்பகுதி வரை பரவிவிடும். அப்போது மீன் அகப்படாது, பறவைகள் பட்டினியால் சாகும், பாலைவனத்தில் மழை கொட்டும்.

மீனவர் கண்ட வெந்நீரும் வாக்கர் கண்ட ஏற்றமும் ஒரே சங்கதி என்று 1969-ல் எழுதிக் காட்டியவர் யாக்கோப் பியர்க்னஸ். நார்வே வம்சத்தவர், அமெரிக்காவில் வேலை பார்த்தவர். பசிபிக்கின் கிழக்கே கடல் சூடானால் மேலே கிளம்புகிற காற்று அங்கேயே கிளம்புகிறது. இந்தியா, ஆஸ்திரேலியா பக்கம் காற்று கீழே அமுங்குகிறது. லீமாவை வருஷம் முழுக்க மழையில்லாமல் வைத்திருக்கிற அதே 'அமுங்குகிற காற்று' கொஞ்ச காலம் நம்ம பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று சொல்லலாம்.

இதுவரைக்கும் கேட்டவர்கள், எல் நினோ வந்தால் மழை போச்சு என்று முடிவு கட்டியிருப்பீர்கள். தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கிற மராட்டியத்துக்கும் ராயலசீமாவுக்கும் அது பெரும்பாலும் சரி. வேலப்பன்சாவடிக்கு அப்படிச் சொல்ல முடியாது. நம்ம மழையில் 60 விழுக்காடு அளவுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வருவது. அந்த மழை எல் நினோ வருஷத்தில் கூடுகிற பக்கமே சாய்கிறது. தென்மேற்கில் போனது வடகிழக்கில் வந்து சேருகிறது என்று வையுங்களேன்.

பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்போம். நுங்கம்பாக்கத்தில் ஒரே மாதத்தில் 1,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்தது இருநூறு வருஷத்தில் நாலே நாலு தடவை. முதலாவது 1918 நவம்பர், காளயுக்தி வருஷம், 1,088 மில்லி மீட்டர். அது எல் நினோ வருஷம். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை இந்தியாவுக்குப் படுமோசம். அடுத்து 2015 நவம்பர், மன்மத வருஷம், 1,049. அதுவும் பெரிய எல் நினோ வருஷம். அதே வருஷம் டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 470 மில்லி மீட்டர் கொட்டியது. லீமாவுக்கு அது முப்பது வருஷத்து மழைக்கும் மேல். ஏரி திறந்துவிட்டு அடையாற்றங்கரை முழுகினதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2023-ம் எல் நினோ வருஷம். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முழுக்கியது.

ஆனால் மற்ற இரண்டையும் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். 2005 அக்டோபரில் 1,078 மில்லி மீட்டர் பெய்தபோது எல் நினோ கிடையாது. 2021 நவம்பரிலோ இதற்கு நேர் எதிர்நிலை, கடல் குளிர்ந்து கிடந்தது; அதற்கு லா நினா, 'சிறுமி' என்று பெயர். அப்போதும் ஆயிரம் தாண்டிவிட்டது! 2018-ன் கடைசியில் பசிபிக் லேசாகச் சூடேறியிருந்தும் நம்ம வடகிழக்கு மழை குறைந்துபோனது. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரி வெடிப்பு விட்டுக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. தாது வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் சூடேறத் தொடங்கிய அந்த 1876-லேயே வடகிழக்கு மழை பொய்த்ததே. அதனால் இதை ஜோசியம்போல எடுத்துக்கொள்ளக்கூடாது. காற்று இந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டுகிற அடையாளம், அவ்வளவே. நம்ம வங்கக் கடலின் சூடும், இந்தியப் பெருங்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வித்தியாசமும்கூடக் கணக்கில் வருகின்றன.

லீமாக்காரர்களுக்கும் இதே தவிப்புதான். 2017-ல் பெருவின் கரையோரக் கடல் மட்டும் திடீரென்று சூடேறி, மார்ச் மாதம் ரீமாக் ஆறு பெருகி, நகரத்துக் குடிதண்ணீர் நின்றது. மழைக்கென்று கட்டாத ஊர். கூரைக்குச் சரிவு இல்லை, தெருவுக்கு வடிகால் இல்லை. ஏரியும் கலங்கலும் வைத்துக் கட்டிய நம்ம ஊர், இருந்த வடிகாலையும் தூர்த்துவிட்டு முழுகுகிறது. இதில் யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

வானிலைத் துறை ஏப்ரல் மாதத்தில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னறிவிப்பு சொல்கிறது. மே கடைசியில் திருத்திச் சொல்கிறது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாக்கில் வடகிழக்குப் பருவமழைக்கு வருகிறது. ஏப்ரல் அறிவிப்பில் எல் நினோ என்கிற பேச்சு அடிபட்டால், ஆடி, ஆவணியில் ஏரித் தண்ணீரை நம்பிச் சம்பா நாற்று விடுகிறவர்கள் கிணற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று ஒரு கணக்குப் போட்டுவிட்டு விடுங்கள். தண்ணீர் போதாது என்று பட்டால் வயது குறைந்த ரகமாகப் பாருங்கள். அதே வருஷம் புரட்டாசிக்குள்ளே வரத்துக்கால், மதகு, கலங்கல் மூன்றையும் ஊர் கூடிப் பார்த்துவிடுங்கள். ஐப்பசியில் தண்ணீர் நிற்கிற பள்ளக்காலுக்கு வடிகால் வெட்டிவிடுங்கள். லா நினா என்று சொன்னால், வடகிழக்கு மழை சில வருஷம் இடையிலே நின்றுபோவதும் உண்டு. அப்போது முதல் மழையிலேயே ஏரியில் பிடித்து வைத்த தண்ணீர்தான் நவரைக்குக் கை கொடுக்கும். அக்டோபர் அறிவிப்பு வந்ததும் இரண்டையும் ஒத்துப் பார்த்துக்கொண்டு மேலே ஆகவேண்டியதைக் கவனியுங்கள்.